கொங்கு வட்டாரத்து லொக்கேஷன் மேனேஜர் சேவை: மாணவர் த்ரில்லர் படத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம், உடுமலை பக்கம் படப்பிடிப்புக்கு இடம் பிடித்துத் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் உள்ளூர் ஆட்கள் (லொக்கேஷன் மேனேஜர், பேச்சு வழக்கில் ஏஜென்ட்) உண்டு. போர்டு மாட்டிய ஆபீஸ் பெரும்பாலும் இருக்காது. ஒரு பைக், போன் நிறையத் தோட்டத்து வீடுகளின் படங்கள், ஊருக்கு நாலு பேரைத் தெரிந்த பழக்கம், இவ்வளவுதான் முதல். கோபிக்குச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்று பேர் விழும் அளவுக்கு இங்கே படம் எடுத்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தொழிலும் வேர் பிடித்திருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட மாணவர் குழு, 20 நிமிட த்ரில்லர், மூன்று நாள் படப்பிடிப்பு, கையில் சொற்பப் பணம். இந்தக் கணக்குக்கு இந்தச் சேவை எப்படி என்பதே இங்கே மதிப்பீடு.

ஐந்துக்கு மூன்று. பிரித்துச் சொன்னால் பகல் வேலைக்கு நாலரை, ராத்திரி வேலைக்கு இரண்டு. த்ரில்லரில் பாதிக்கு மேல் ராத்திரியில்தான் நடக்கிறது என்பதால் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. ஊர்க்காரர்களிடம் சம்மதம் வாங்குவதில் இவர்களை மிஞ்ச முடியாது. தோட்டத்துக்காரர் எந்நேரம் களத்தில் இருப்பார், எந்நேரம் சந்தைக்குப் போவார், வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. கோயமுத்தூரிலிருந்து கேமராவோடு இறங்கும் மாணவர்கள் நேராக வாசலில் நின்று கேட்டால் "அதெல்லாம் ஆகாதுங்க" என்று கதவு சாத்தும் அதே வீட்டில், இவர் போய் "ஏனுங்கய்யா, நம்ம காலேஜ் பசங்க, ரெண்டு ராத்திரி வேலைங்க, நானே கூட இருக்கறனுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தால் மோர் வருகிறது. அந்த "நானே கூட இருக்கறனுங்க" என்ற உறுதிக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். படப்பிடிப்பு நாளில் அவர் உடன் இருப்பாரா, ஆளை அனுப்பிவிட்டு வேறு கம்பெனி வேலைக்குப் போய்விடுவாரா என்பதை முதல் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள்.

குறைகளில் முதலாவது, போனில் காட்டும் படங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எடுத்தவை. காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் பக்கத்துக் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) அந்த மாதங்களில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்று பச்சையாக இருக்கும். தை, மாசியில் அதே காடு பொன்னிறம். சித்திரையில் போனால் செம்மண்ணும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான். மூன்றும் அழகு, ஆனால் மூன்று வேறு படங்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் "இது எந்த மாசம் எடுத்ததுங்க?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த இடத்தின் இன்றைய நிலையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளாமை நிற்கும் இடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். துரத்தல் காட்சிக்குக் கரும்புக்காடு என்று எழுதாத மாணவர் திரைக்கதை அபூர்வம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் நீங்கள் பார்த்து வைத்த காடு இரண்டு நாளில் மொட்டையாகிவிடும். விவசாயி உங்களுக்காகக் காத்திருக்க முடியாது, காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. தோகை முகத்தையும் கையையும் அறுக்கும், கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) சிக்கும், ஒவ்வொரு அடிக்கும் சலசலக்கும். சோகை உரிக்காத கரும்புக்குள் பாம்பு தெரியாது. இதற்கு மாற்றாக மக்காச்சோளத்தைப் பரிந்துரைக்கலாம். உடுமலை, தாராபுரம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை வாக்கில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், பயிர்க்காலம் 100 முதல் 110 நாள். வரிசைக்கு இடையில் ஓட முடியும். கதிர் ஒடித்த பிறகு காய்ந்த தட்டு (தண்டு) நிற்கும் ஒரு வாரம் உங்களுக்குக் கிடைத்தால் அதுவே பொற்காலம்: மிதிபட்டாலும் மகசூல் இழப்பில்லை, காய்ந்த தாள் லைட்டை நன்றாக வாங்கும். மாடு வைத்திருப்பவருக்கு அந்தத் தட்டும் தீவனம்தான் என்பதால் ஒடிந்ததற்கு ஈடு பேசிக்கொள்ளுங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று எந்தப் பயிருக்குள் இறங்கும் முன்னும் கேட்க வேண்டும். ஏஜென்ட் இதை அவராகச் சொல்வதில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்பு இவர்கள் முதலில் கூட்டிப்போகும் இடம். கூட்டிப்போவதில் தப்பில்லை. 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 70 மரம் என்ற நடவுக் கணக்கால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசைதான். வழி தப்பியவனின் திகைப்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் மட்டை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. காட்சி எடுக்கும் பகுதிக்கு மேலே பழுத்த மட்டையையும் முற்றின குலையையும் முந்தின நாளே மரமேறுபவரை வைத்து இறக்கிவிட வேண்டும். அந்தச் செலவை ஏஜென்ட்டின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சொட்டுநீர்க் குழாய் தரையில் ஓடும், ஓடுபவர் காலில் மாட்டும், உடைந்தால் தோட்டத்துக்காரருக்கு நஷ்டம். மேற்கே மலை இருப்பதால் ஆனைமலை அடிவாரத்தில் வெயில் முன்னதாகவே மறைந்துவிடும். செயலியில் காட்டும் அஸ்தமன நேரத்தை நம்பி மாலைக் காட்சியைத் திட்டமிட்டால் அரை மணி நேரம் போச்சு.

கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாய்க்கால். இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்கு வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் ஒரு போகத்துக்கும் ஜனவரியில் அடுத்த போகத்துக்கும் தண்ணீர் திறப்பார்கள். அணை நிலவரத்தைப் பொறுத்து தேதி மாறும். பொள்ளாச்சி, உடுமலையில் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்து வரும். இடம் பார்க்கும்போது வறண்டு கிடந்த வாய்க்கால் படப்பிடிப்பு அன்று கரை தொட்டு ஓடலாம். சரிவான கரையில் கால் வழுக்கி உள்ளே போனால் பிடித்து ஏற இடம் இருக்காது. ஓடும் வாய்க்காலில் நடிகரை இறக்கும் காட்சியை எழுதவே வேண்டாம். கரையோரம் நடப்பதையும் தண்ணீரில் செருப்பு மிதப்பதையும் வைத்தே அந்தப் பயத்தைக் கொண்டுவர முடியும். வாய்க்கால், அணைக்கட்டு எல்லாம் நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. "இங்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காட்டோரம் பற்றியும் அதே பேச்சுதான். ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம். வனத்துக்குள் படம் எடுக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மாணவர் குறும்படத்தின் கால அளவுக்குள் அதை வாங்கிவிடலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, எனவே 'மலைப்பாதையில் ராத்திரி கார்' காட்சி அங்கே கிடையாது. சேத்துமடை, தடாகம், பண்ணாரி ஓரத் தோட்டங்களில் பட்டா நிலமே ஆனாலும் அந்தி சாய்ந்தால் யானை வரும். லைட்டும் சத்தமுமாக நீங்கள் இருக்கும் இடம் அதன் வழக்கமான வழியாக இருந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். காட்டு உணர்வு தேவைப்பட்டால் தாராபுரம் பக்கம் பராமரிப்பில்லாத வேலங்காடு போதும். நெருக்கமாக ஃப்ரேம் வைத்து, பின்னால் ஒரே ஒரு லைட் கொடுத்தால் படத்தில் அது அடர்காடுதான்.

இவர்கள் பெரும்பாலும் காட்டாத, ஆனால் கேட்டால் கூட்டிப்போகும் ஒன்று இட்டேரி. இரண்டு தோட்டங்களின் உயிர்வேலிக்கு நடுவே எட்டுப் பத்தடி அகலத்தில் வளைந்து போகும் தடம். கிளுவையும் கள்ளியும் பிரண்டையும் இருபக்கமும் சுவர் மாதிரி நிற்கும். கார் ஹெட்லைட்டை மட்டும் போட்டு எடுத்தால் வேறு விளக்கே வேண்டாம். கொங்கு மண்ணில் த்ரில்லர் எடுத்துவிட்டு இட்டேரியைப் பயன்படுத்தாமல் திரும்புவது பெரிய இழப்பு. உள்ளே போன காரைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் 300 மீட்டர் ரிவர்ஸில் வர வேண்டும், வாடகைக் காரின் இரு பக்கமும் முள் கோடு விழும். பெரும்பாலான இட்டேரி பொதுவழி. காலையிலும் மாலையிலும் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர்களின் வண்டி வரும். அந்த நேரத்தில் வழி மறிக்கக் கூடாது. கொறங்காட்டுக்குள் போனால் கடவைத் (வேலிக் கதவைத்) திறந்தபடி விட்டுவிட்டு வராதீர்கள். மாடு வெளியே போய்விட்டால் அடுத்த நாள் அந்த ஊரில் உங்களுக்கு இடம் இல்லை.

இனி சத்தம். ஏஜென்ட்களுக்கு இந்தப் பாடம் பிடிபடுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பழகிய பெரிய படங்களில் பேச்சைப் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்கள். மாணவர் படத்துக்கு டப்பிங் வசதி இருக்காது, ஸ்பாட்டில் பதிவதுதான் கடைசிவரை. இடம் பார்க்கப் போகும்போது ரெக்கார்டரை வைத்து, யாரும் பேசாமல், ஐந்து நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். காது பழகிவிட்டதால் நேரில் கேட்காத பல சத்தம் அதில் இருக்கும். போர்வெல் கம்ப்ரசர் அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். மோட்டார்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருப்பதால் மும்முனைக் கரண்ட் வந்த நொடியில் சுற்று வட்டாரம் முழுக்க ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். அந்த ஃபீடருக்கு (அந்தப் பகுதிக்கு வரும் மின்பாதை) எந்நேரம் கரண்ட் என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டு, வசனக் காட்சிகளை அதற்கு வெளியே வையுங்கள். பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் என்றால் தறிச் சத்தம் இரவு பகல் ஓயாது. அங்கே ஒரு வழி இருக்கிறது: மின்வாரியம் மாதந்தோறும் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளைப் பத்திரிகையில் முன்கூட்டியே போடுவார்கள். அன்றைக்குத் தறிகள் நிற்கும். பேட்டரி லைட்டோடு போனால் உள்ளரங்க வசனம் முழுவதையும் அந்தச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

மயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோவை, திருப்பூர் மாவட்டத் தோட்டங்களில் விடிகாலையும் அந்தியும் மயில் அகவாத நேரம் குறைவு. நல்ல வெளிச்சம் கிடைக்கும் அதே ஒரு மணி நேரத்தில்தான் அது கத்தும். விடிகாலைக் காட்சிகளை வசனமில்லாமல் வைத்துக்கொள்வதே தீர்வு. மார்கழியில் ஊர்க்கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே பாட ஆரம்பிக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்று இந்த வட்டாரத்தின் தனிக் குணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி, ஆவணியில் உடுமலை, பல்லடம், தாராபுரத்தை உலுக்கும். இத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்கும் அதுவே காரணம். அந்த மாதங்களில் மைக்குக்கு ரோம உறை போட்டாலும் வெட்டவெளியில் வசனம் பதிவது வீண் முயற்சி. வெளிச்சத்தைத் தணிக்க வைக்கும் நாலுக்கு நாலு அடி துணி ஃப்ரேம் கூடப் பாய்மரம் மாதிரி பறக்கும். உரச்சாக்கில் மணல் நிரப்பி ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒன்று போடுங்கள். சாக்கும் மணலும் தோட்டத்திலேயே கிடைக்கும். புகை மெஷின் அந்தக் காற்றில் பத்து நொடி நிற்காது. மழை மாதத்தில் பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைக் கரிசலில் டெம்போ இறங்கினால் டிராக்டர் வைத்து இழுக்க வேண்டும். செம்மண் பூமி பரவாயில்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மார்கழிப் பின்பாதி முதல் மாசி வரைதான் சரியான பருவம். காற்று அடங்கியிருக்கும், மழை விட்டிருக்கும். டிசம்பர் கடைசியில் கோவையில் சூரியன் மாலை 6 மணி தாண்டிய சில நிமிடத்தில் மறைகிறது, 6.30-க்கு இருட்டு. அங்கிருந்து 10 மணி வரை மூன்றரை மணி நேரம் முழு ராத்திரி, ஊர் தூங்கும் முன் வேலை முடிந்துவிடும். ஜூனில் இருட்டவே 7.15 ஆகிவிடும், அந்த முக்கால் மணி நேரம் சின்னக் குழுவுக்குப் பெரிய வித்தியாசம். பட்டிப் பொங்கலை (மாட்டுப் பொங்கல்) ஒட்டிய மூன்று நாளும் யாரிடமும் கேட்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்குப் (திருவிழா) பூச்சாட்டிக் கம்பம் நட்ட ஊரில் ரத்தம், பிணம், ஒப்பாரி எதையும் எடுக்கக் கூடாது. அந்த நாட்களுக்கென்று ஊருக்கு ஒரு கட்டு இருக்கிறது. தேதியை ஏஜென்ட்டிடம் கேளுங்கள், இதில் அவர்கள் சொல் பொய்ப்பதில்லை. வேப்பமரத்தடியில் கன்னிமார் கல்லோ கருப்பராயன் வேலோ இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போங்கள், ஃப்ரேமுக்கு அழகாக இருக்கிறது என்று அதைத் தொடாதீர்கள்.

இப்போது ராத்திரி. கடந்த சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் தனித் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் கொலை செய்யப்பட்டு நகை பறிபோன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதன் பிறகு போலீஸ் ரோந்து கூடியிருக்கிறது, தோட்டத்துக்குத் தோட்டம் கேமரா வந்திருக்கிறது, நாய் அதிகமாகியிருக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் சத்தம் கேட்டால் ஆட்கள் திரண்டு வருகிறார்கள். உங்கள் கதையோ முகமூடி, கத்தி, தனி வீடு, அலறல். அரை கிலோமீட்டருக்கு அப்பால் தனியாகப் படுத்திருக்கும் ஒரு ஆத்தாவுக்கு அந்த அலறல் சினிமா இல்லை. இதை நினைவில் வைக்காத குழு அடி வாங்கினால் வருத்தப்படலாம், ஆச்சரியப்பட முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை. கல்லூரித் தலைப்புத்தாளில் முதல்வர் கையெழுத்தோடு கடிதம். அதில் குழுவினர் பெயர், வண்டி எண்கள், தேதி, நேரம், பொம்மை ஆயுதங்களின் விவரம். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, படப்பிடிப்பு முழுக்கக் கையில் வையுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு நகல். சுற்றியுள்ள ஒவ்வொரு தோட்டத்து வீட்டுக்கும் முந்தின நாள் சாயங்காலம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், ஏஜென்ட்டோடு மாணவர் ஒருவரும் போக வேண்டும், முகம் தெரிய வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடச் சொல்லுங்கள். "காப்பாத்துங்க" என்ற அலறலைத் தோட்டத்தில் எடுக்கவே வேண்டாம். வாயசைவை மட்டும் எடுத்து, குரலைக் கல்லூரி அறையில் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். போலீஸ் உடுப்புப் போடும் நடிகர் அதோடு டீக்கடைக்குப் போகக் கூடாது. வண்டியில் வரும்போதும் மேலே சட்டை போட்டு மூட வேண்டும். ஏஜென்ட்களில் பலர் இதையெல்லாம் "நான் பாத்துக்கறனுங்க" என்று ஒரு வார்த்தையில் முடிப்பார்கள். ராத்திரி மதிப்பெண் இரண்டாகக் குறைந்ததற்கு முதல் காரணம் இந்த வார்த்தை.

இரண்டாவது காரணம், ராத்திரியில் இடத்தைக் காட்டாதது. பகல் 11 மணிக்குக் கூட்டிப்போய் "ராத்திரி சும்மா கும்முனு இருக்குமுங்க" என்றால் ஏற்காதீர்கள். அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி, நீங்கள் படமெடுக்கும் நேரத்திலேயே, டார்ச்சோடு நடந்து பார்க்க வேண்டும். கொங்குக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை, பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பில் புல் மூடியிருக்கும். ஓடும் காட்சி வைக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் எந்தக் கிணறு இருந்தாலும் சுற்றிலும் கயிறு கட்டி, வெள்ளைத் துணி தொங்கவிட்டு, ஒரு ஆளை நிறுத்துங்கள். அடுத்தது மின்வேலி. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக நேரடி மின்சாரம் கொடுத்த கம்பியால் உயிர் போன செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. தோட்டத்துக்காரரிடமும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் "கம்பி ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும், வரப்பு தாண்டி ஒரு அடி வைக்கும் முன். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இருக்கும் பூமி இது. ராத்திரி எல்லோருக்கும் ஷூ, டார்ச். தரையில் கிடக்கும் பிணமாக நடிப்பவர் படுக்கும் முன் அந்த இடத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம், அந்த இடத்தில் 108-ஐக் கூப்பிட எந்த சிம்மில் சிக்னல் வருகிறது, இந்த மூன்றும் கால்ஷீட்டின் (அன்றைய படப்பிடிப்பு விவரத் தாள்) மேல் வரியில் இருக்க வேண்டும்.

கரண்ட். தோட்டத்து மோட்டார் இணைப்பு விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்தது, அதில் ஷூட்டிங் லைட் மாட்டினால் பிடிபடுவது தோட்டத்துக்காரர். ஏஜென்ட்டே எடுத்துக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் 15 ஆம்பியர் பிளக் காகிதக் கணக்கில் 3,400 வாட் தாங்கும், பழைய வயரிங் உள்ள ஓட்டு வீட்டில் 2,000 வாட்டைத் தாண்டாதீர்கள். 300 வாட் எல்இடி இரண்டு, 150 வாட் ஒன்று, சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்தால் 1,000 வாட்டுக்குள்தான். மாணவர் படத்துக்கு அது தாராளம். களத்துக்கு 50 மீட்டர் இழுப்பதானால் 2.5 சதுர மி.மீ. கேபிள் வேண்டும், மெல்லிய வயர் சூடாகும். ஃபீடரின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் இறங்கும், மல்டிமீட்டரை இடம் பார்க்கும்போதே எடுத்துப் போங்கள். சின்ன ஜெனரேட்டர் வைத்தால் வீட்டுக்குப் பின்புறம், காற்று போகும் திசையில், 50 மீட்டருக்கு அப்பால். தெருவிளக்கு ஃப்ரேமில் விழுந்தால் ஊராட்சி டேங்க் ஆபரேட்டரைக் கேளுங்கள், ஊராட்சி சம்மதித்தால் அரை மணி நேரம் அணைத்துத் தருவார். சோளத்தட்டுப் போர் இருக்கும் பக்கம் லைட்டோ தீப்பந்தமோ சிகரெட்டோ போகவே கூடாது. அது ஒரு வருஷத்துத் தீவனம். கட்டுத்தறிப் பக்கம் வெளிச்சம் திருப்பினால் மாடு மிரண்டு கயிற்றை அறுக்கும், கறவை குறையும்.

பறக்கும் கேமரா பற்றிச் சுருக்கமாக: 250 கிராமுக்கு மேற்பட்டதற்குப் பதிவு வேண்டும், சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் சுற்றிலும் தடைப்பகுதி வைத்திருக்கின்றன. கல்யாண வீடியோக்காரர் பறக்கவிடுகிறார் என்பது அனுமதி ஆகாது.

வீடு. 'பாழடைந்த வீடு' கேட்டால் ஏஜென்ட் உடனே மூன்று காட்டுவார். பூட்டிக் கிடக்கும் கொங்கு வீட்டுக்குப் பின்னால் பல சமயம் பங்காளிச் சண்டை இருக்கும். அண்ணன் சாவி கொடுப்பார், லைட் போட்டதும் தம்பி வருவார். கூட்டுப் பட்டாவா, வீட்டு வரி யார் பேரில், கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்ற மூன்று கேள்வியில் உண்மை தெரிந்துவிடும். குத்தகைக்கு விட்ட தோட்டமானால் பண்ணையம் பார்ப்பவரின் சம்மதமும் வேண்டும். சம்மதத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தெந்த அறை, வாடகை, முன்பணம், சேதத்துக்கு யார் பொறுப்பு, மழை வந்தால் மாற்றுத் தேதி. வாய்ச்சொல்லே போதும் என்பது இவர்களின் பழக்கம், நல்லெண்ணத்தோடுதான். ஆனாலும் எழுதுங்கள்.

உள்ளே அளக்க வேண்டியது கதவு. பழைய வீடுகளில் நிலை தாழ்வு, அகலம் இரண்டரை அடிதான் இருக்கும், டாலி (கேமராவை நகர்த்தும் வண்டி) போகாது. ஓட்டுச் சரிவின் ஓரத்தில் ஆறரை அடிக்கு மேல் ஸ்டாண்ட் ஏறாது. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் கலர் பொடியும் கலந்தால் கால் மணி நேரத்தில் எறும்பு சூழும், சுண்ணாம்புச் சுவரில் பட்ட கறை போகவே போகாது. பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் அதே நிறத்துத் துணி அல்லது மண், அதன் மேல் ரத்தம். காவி சிமெண்ட் தரையில் டேப் ஒட்டிப் பிரித்தால் பளபளப்பு போய்விடும். சீரியல்கள் ஏற்கெனவே எடுத்த வீடுகளைத் தவிருங்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும், வாடகையும் அந்த ரேட்டிலேயே சொல்வார்கள். ஜமீன் வீடுகளும் அப்படியே. உங்கள் கதைக்கு ஒரு சாளை (தோட்டத்துக் குடிசை), ஒரு களம், ஒரு கிணறு போதும். பெண்கள் இருக்கும் குழுவானால் கழிவறை இல்லாத இடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்கவே வேண்டாம்.

கூலி பேசும் விதம். வாடகையில் இத்தனை பங்கு என்று பேசினால் வாடகை ஏறுவதில் அவருக்கு லாபம். நாள் சம்பளமாகப் பேசுங்கள்: இடம் பார்க்க ஒரு பகல், ஒரு ராத்திரி, படப்பிடிப்பு நாட்கள். வீட்டு வாடகையைத் தோட்டத்துக்காரர் கையில் நீங்களே கொடுங்கள். பெரிய கம்பெனி ரேட்டைச் சொன்னால், கேரவன் இல்லை, ஐம்பது பேர் சாப்பாடு இல்லை, எட்டுப் பேர்தான் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். படிக்கிற பிள்ளைகள் என்றால் இந்த ஊர் இளகும். ஊரில் சொந்தக்காரரோ வகுப்புத் தோழரின் அப்பச்சி வீடோ இருந்தால் அங்கே ஏஜென்ட் தேவையே இல்லை. யாரையும் தெரியாத ஊர், இரண்டு ராத்திரிக்கு மேல் வேலை, பக்கத்தில் வீடுகள் என்றால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணமாகப் பாதி. மீதியைப் படப்பிடிப்பு முடிந்த மறுநாள் பகலில், தோட்டத்தை ஒரு சுற்று நடந்த பிறகு கொடுங்கள். அடித்த ஆணிகள், கட்டிய கயிறு, பிளாஸ்டிக் டீ கப், பொம்மைக் கத்தி, பாடைக்கு வாங்கிய மாலை எல்லாம் எண்ணி எடுத்தாகிவிட்டதா, கடவு சாத்தியிருக்கிறதா, சொட்டுநீர் ஓடுகிறதா என்று தோட்டத்துக்காரரோடு சேர்ந்து பாருங்கள். அவர் "செரி போயிட்டு வாங்க கண்ணு" என்று சொன்ன பிறகு ஏஜென்ட் கையில் மீதியைக் கொடுக்கலாம்.